நாட்டாணியும் பிரசவ ஆஸ்பத்திரிக் கூரையும்

நெடுங்கரை நாட்டில் காற்றுக்கு மட்டும் வரி கிடையாது. ஒருமுறை போட்டுப் பார்த்தார்கள். ஐப்பசியில் காற்று வந்து வரி அலுவலகத்தையே தூக்கிக்கொண்டு போனதும் அந்த யோசனையை விட்டுவிட்டார்கள். மற்றபடி அது சட்டத்துக்கு அடங்கிய நாடு. அந்தச் சட்டங்களிலெல்லாம் உயர்ந்ததாகப் போற்றப்பட்ட ஒன்று, பொன்னுரங்கம் சாப்பாட்டு ஆசையில் செய்த ஒரு தப்பிலிருந்து பிறந்தது.

பொன்னுரங்கம் அரண்மனையின் ஆணிக் கண்காணிப்பாளர். எதை எதோடு எதைக் கொண்டு சேர்ப்பது என்று சொல்வதுதான் உத்தியோகம். நாலு நாளில் பிரிக்கப்போகும் பந்தலுக்கு ஆணி. கதவுக் கீலுக்கு ஸ்க்ரூ. சுவரில் கனமாக எதையாவது மாட்டுவதென்றால் துளை போட்டு, பிளக் சொருகி, அதற்குள் ஸ்க்ரூ. கூரைத் தகட்டுக்குக் கொக்கி போல்ட்டு, மேலே ரப்பர் வாஷர், அதற்கும் மேலே நட்டு. இருபத்தாறு வருஷம் இதையே சொல்லிச் சம்பளம் வாங்கிய மனிதர், மன்னரின் ஆறடிப் படத்தைச் சபை மண்டபத்தில் மாட்டிய அன்று, முதல் பந்தியைப் பிடிக்கும் அவசரத்தில், சுண்ணாம்புப் பூச்சில் ஒரு இன்ச் ஆணி ஒன்றை அடித்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். பாயசம் வரும்வரை படம் நின்றது.

நாட்டுப்பண் பாடும்போது விழுந்தது. மன்னரின் படம் மன்னரின் காலிலேயே விழுந்து, இடது பெருவிரல் நகத்தைக் கொண்டுபோனது.

பொன்னுரங்கம் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து, இணைப்புத் துறை அமைச்சர் கனகசபாபதியிடம் உண்மையைச் சொன்னார்.

"நான்தாங்க அய்யா காரணம். பிளக் வெச்சு ஸ்க்ரூ போட்டிருக்கணும். அவசரத்துல ஆணி அடிச்சுட்டேன்."

அமைச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இவ்வளவு பெரிய சம்பவத்துக்கு உன்னைப் போன்ற சிறியவன் காரணமாக இருக்க முடியாது. அகம்பாவம் கூடாது, பொன்னுரங்கம். மேலும், படம் விழவில்லை. மக்களை நோக்கி இறங்கி வந்தது."

"அப்ப அந்த நகம்?"

"தியாகம்."

விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. நாற்பது நாள் விசாரித்து, நாட்டில் நூற்று நாற்பது வகை ஆணிகளும் ஸ்க்ரூக்களும் போல்ட்டுகளும் இருப்பதைக் கண்டு அது அதிர்ச்சியடைந்தது. ஸ்க்ரூக்களின் தலையில் சில கோடாகவும் சில நட்சத்திரமாகவும் பிளந்திருப்பது ஒற்றுமைக்குக் கேடு என்று பதிவு செய்தது. போல்ட்டுக்கு நட்டு வேண்டும், நட்டுக்கு வாஷர் வேண்டும், ஆகவே அவை தனியாக நிற்கத் தெரியாதவை என்றும் கண்டறிந்தது. முடிவில் முதல் உத்தரவு வந்தது: ஒரே நாடு, ஒரே ஆணி. ஒன்றரை அங்குலம். பெயர், நாட்டாணி. மற்ற எல்லாவற்றையும் குடிமக்கள் ஒரு மாதத்துக்குள் ஒப்படைத்துவிட வேண்டும். பறிமுதல் அதிகாரியாகப் பொன்னுரங்கம் பதவி உயர்த்தப்பட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்குக் கிடைத்த பதவி உயர்வு என்ற வகையில் அது அந்த நாட்டில் புதிது. ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பதுதான்.

தன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். கழற்றியது அவர் கைதான். அதை அவரே பிறகு எண்ணி எண்ணி வெட்கப்பட்டார். அன்றைக்கு என்னவோ புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

ஆடி மாதத்தில் கதவுகள் விழ ஆரம்பித்தன. இரண்டாவது உத்தரவு, விழுந்த கதவை இனி 'திறந்த கதவு' என்றே எழுத வேண்டும் என்றது. ஆவணியில் தொட்டில்களும் பரண்களும் விழுந்தன. ஆணி கழன்றால் அது ஆணியின் குற்றமல்ல, மரத்தின் ஒத்துழையாமை என்றும், மரத்தின் சொந்தக்காரருக்குப் பத்துக் கசையடி என்றும் மூன்றாவது உத்தரவு விளக்கியது. மக்கள் விழுந்த பொருளைச் சத்தமில்லாமல் எடுத்து வைக்கப் பழகினார்கள்.

ஆணி கழலாமல் நின்ற இடம் ஒன்றே ஒன்று. நெடுங்கரை நாட்டுச் சபையில் நாற்காலிகளைத் தரையோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு வைப்பது பழைய வழக்கம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஊர்க்காரர்கள் வரிசையில் வந்து, தங்கள் உறுப்பினரைப் பிடிக்கவில்லையென்றால், ஆளுக்கு ஒரு திருகு இடப்பக்கம் திருப்பிவிட்டுப் போவார்கள். போதுமான பேர் திருப்பினால் நாற்காலி கையோடு வந்துவிடும். இப்போது ஸ்க்ரூ சட்டவிரோதம். ஆகவே சட்டத்தை மதித்து, கனத்த மனத்தோடு, எல்லா நாற்காலிகளுக்கும் ஆணி அடித்தார்கள். அங்கே மட்டும் ஆறு அங்குல ஆணி. தரைப் பலகைக்கு அடியில் வெளிவந்த முனையை மடக்கியும் விட்டார்கள். அந்த வருஷமும் மக்கள் வரிசையில் வந்தார்கள். ஆளுக்கு ஒருமுறை ஆணித் தலையைத் தடவிப் பார்க்க அனுமதிக்கப்பட்டது.

புரட்டாசிக் கடைசியில் பொன்னுரங்கம் கடலோரத்துப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனார். அதன் தகரக் கூரையிலிருந்த கொக்கி போல்ட்டுகளை அவர்தான் கழற்றி, நாட்டாணி அடித்துவிட்டு வந்திருந்தார். இப்போது வந்தது, கூரை உறுதி என்ற சான்றிதழில் கையெழுத்துப் போட. தலைமைச் செவிலி ஞானசுந்தரி அவரை வார்டு நடுவில் நிறுத்தினாள். இருபக்கமுமாகச் சேர்த்துப் பதினொரு கட்டில்கள். சில கட்டிலில் இரண்டு உயிர், சிலதில் இன்னும் ஒன்றாகவே.

"அண்ணே, நீங்க சாப்ட்டுட்டுக்கூடப் போங்க. அதுக்கு முன்னாடி ஒரே வார்த்தை. ஐப்பசிக் காத்துக்கு இது நிக்குமா, நிக்காதா?"

பொன்னுரங்கத்துக்குப் பதில் தெரியும். இருபத்தாறு வருஷமாகத் தெரியும். ஆனாலும் வாய் திறந்தபோது, "மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்மா" என்பதுதான் வந்தது.

"படம் விழுந்தப்ப மேலிடத்துல கேட்டா விழுந்துச்சு?" என்று சொல்லிவிட்டு அவள் வெந்நீர் பார்க்கப் போனாள்.

அந்தச் சொல் அவரைத் தின்றது. கையெழுத்துப் போடாமல் நேரே அமைச்சரிடம் போனார்.

"அய்யா, கடலோரத்துக் காத்து தகட்டைக் கீழருந்து தூக்கும். ஆணி வழவழன்னு இருக்கு, நேரா உருவிக்கிட்டு வந்துரும். கொக்கி போல்ட்டுன்னா அடிச் சட்டத்தை வளைச்சுப் பிடிச்சுக்கும், மேல நட்டு வெச்சு முறுக்கிடலாம். அந்த ஒரு கூரைக்கு மட்டும் குடுங்க. இல்லேன்னா, ஆணி தாங்கும்னு நீங்க சொல்லுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

"தாங்குமா என்று கேட்பதே, தாங்காது என்று விரும்புகிறவர்களின் பழக்கம்."

"தாங்குமாங்க?"

"கடந்த ஆட்சியில் எத்தனை கூரைகள் பறந்தன என்று நீ கேட்டாயா?"

"அது கேக்கலீங்க. இது தாங்குமா?"

அமைச்சர் கண்ணை மூடிக்கொண்டார். "காற்று கீழிருந்து தூக்குவதுதான் பிரச்சினை என்கிறாய். நல்ல ஆலோசனை. ஆவன செய்யப்படும்."

செய்யப்பட்டது. மறுநாளே நான்காவது உத்தரவு வெளியானது: ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு மாதங்களிலும் காற்று கிடைமட்டமாக மட்டுமே வீச வேண்டும்.

உத்தரவைப் பொன்னுரங்கம் இரண்டு தடவை படித்தார். பிறகு பறிமுதல் கிடங்கின் சாவியை எடுத்தார். அவர்தானே அதற்கும் அதிகாரி. ஒரு தடவை அவசரப்பட்டு ஒரு நகம் போனது. இந்தத் தடவை நிதானமாகப் பதினொரு கட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை.

கிடங்கில் ஸ்க்ரூ மலைபோல் கிடந்தது. ஆனால் கொக்கி போல்ட்டு இருக்க வேண்டிய மூலை காலி. அவரே தன் கையால் கொட்டி வைத்த மூலை அது. மூட்டைகளுக்கு அடியில் துழாவி, கிடைத்த போல்ட்டுகளையெல்லாம் ஒரு சாக்கில் கட்டினார். பாதிக் கூரைக்கு வரும்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த கணவன்மார்களைக் கூப்பிட்டார். செல்லையா என்ற தலைச்சன் அப்பன்தான் முதலில் ஏணியில் ஏறினான்.

"ஏண்ணே, இதக் கழட்டுனதே நீங்கதான?"

"நான்தான்."

"மாட்டுறதும் நீங்க. உங்க துறையில வேலைக்குப் பஞ்சமே இல்ல போல."

"பேசாம வாஷரக் குடுரா. ரப்பர் பக்கம் கீழ."

கூரையின் அடிச் சட்டத்தைக் கொக்கி வளைத்துப் பிடித்ததும், தகட்டின் முகட்டில் வாஷர் போட்டு நட்டை முறுக்கினார்கள். ரப்பர் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்தச் சொன்னார் பொன்னுரங்கம். அதற்கு மேல் முறுக்கினால் தகடு குழிந்துவிடும். மேற்குப் பாதி முடிந்தபோது சாக்கு காலியாகிவிட்டது. கிழக்குப் பாதி நாட்டாணியிலேயே நின்றது. உள்ளே ஞானசுந்தரி கட்டில்களை ஒவ்வொன்றாக மேற்கே தள்ளிக்கொண்டிருந்தாள்.

யாரோ சொல்லிவிட்டிருக்க வேண்டும். அமைச்சர் கனகசபாபதி நான்கு காவலர்களோடு வந்து இறங்கினார். குற்றப்பத்திரிகையைப் பிரித்தார். முதல் வரியை வாசிப்பதற்குள் காற்று அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு போனது. அடுத்து அவரது தலைப்பாகையை. கடல் கறுத்து, மணல் பறந்து, தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. நான்காவது உத்தரவைக் காற்று படிக்கவில்லை என்பது தெரிந்தது.

எல்லோரும் வார்டுக்குள் ஓடினார்கள். அமைச்சர் வாசலிலேயே நின்று, தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார்.

"போல்ட்டு எந்தப் பக்கம்?"

ஞானசுந்தரி கிழக்கே கையைக் காட்டினாள். "அய்யா அந்தப் பக்கம் உக்காருங்க. முழுக்க நாட்டாணி. காத்தோட்டமா இருக்கும்."

அவர் மேற்கே நடந்தார். உட்கார இடமில்லை. இரண்டு கட்டில்களுக்கு நடுவில் தரையில் குந்தினார். கட்டிலில் இடம் போதாத ஒரு தாய், யார் எவரென்று பார்க்காமல், பிறந்து மூன்று நாளான தன் பெண்குழந்தையை அவர் மடியில் வைத்தாள்.

முதல் தகடு எழுந்தது. பிறகு வரிசையாக. ஒன்றரை அங்குல ஆணிகள் சிமென்டுத் தரையில் மழைக்கு முந்திக்கொண்டு விழுந்தன. சற்று நேரத்தில் கிழக்குப் பாதிக்குக் கூரையாக வானம் மட்டும் இருந்தது. மேற்குப் பாதி கூச்சலிட்டது, நடுங்கியது, ஆனால் இருந்த இடத்தில் இருந்தது. பதினொரு தாய்மார்களும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காற்று மூச்சு வாங்க நின்றபோது பொன்னுரங்கம் ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு அமைச்சருக்கு எதிரே வந்து குந்தினார். அடுத்த காற்று வருவதற்குள் கிழக்கையும் மூட வேண்டும். தகடுகளைப் பொறுக்கிவரச் செல்லையா அதற்குள் போய்விட்டான்.

"அய்யா. நாட்டாணி தாங்குமா?"

அமைச்சர் மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தார்.

"தாங்காது."

"எப்பலருந்து தெரியும்?"

"நீ சாப்பாட்டுப் பந்தியிலேருந்து ஓடி வந்து சொன்னியே, அன்னிக்கே."

இத்தனை நாளில் அமைச்சர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. பொன்னுரங்கத்துக்குக் கோபம் வரவில்லை. கோபத்துக்கு நேரமும் இல்லை.

"அந்தப் பாதிக்கு இன்னும் போல்ட்டு வேணும். ஊர் பூரா கழட்டிக் கொண்டாந்து கிடங்குல கொட்டுனேன். எங்க அது?"

காவலர்கள்கூட அமைச்சரின் வாயைத்தான் பார்த்தார்கள்.

"அரண்மனைக் கூரையில" என்றார் அவர். "போன மாசமே முறுக்கியாச்சு."