உயர்ரகப் பெட்ரோல் உபதேசித்த கொழுந்தனாருக்கு

அன்பும் அறிவும் ஒருங்கே நிறைந்தவன் என்று தன்னைப் பற்றித் தானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் தம்பிக்கு, அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணனும் சலவைக்கடை இயந்திரங்களும் நலம். உன் யோசனையைக் கேட்பதை நிறுத்தியதிலிருந்து வேனும் நலம். அங்கே உன் மனைவியும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். உன் சுகத்தைப் பற்றிக் கடிதத்தின் கடைசியில் யோசித்துச் சொல்கிறேன்.

போன மாதம் நீ வந்திருந்தபோது உன்னைப் பஸ் நிலையத்தில் விடுவதற்கு வேனை எடுத்தோமே, அன்றைக்கு ஆரம்பித்தது எல்லாம். துணி மூட்டை எதுவும் ஏற்றாத காலி வண்டி. ஆஸ்பத்திரி மேட்டில் ஏறும்போது 'டொக், டொக்' என்று ஒரு சத்தம். காலி வண்டியில் அந்தச் சத்தம் கொஞ்ச நாளாகவே வந்துகொண்டிருந்ததுதான். அதற்காக நாங்கள் யாரும் தூக்கம் கெட்டுக் கிடக்கவில்லை. நீதான் கையை உயர்த்தி எங்கள் பேச்சை நிறுத்தினாய். கண்ணை மூடிக்கொண்டாய். நோயாளி நெஞ்சில் டாக்டர் கை வைக்கிற மாதிரி டேஷ்போர்டின் மேல் உள்ளங்கையை வைத்தாய்.

"அண்ணே, எஞ்சின் கதறுது. என்ன ஊத்துறீங்க?"

"பெட்ரோல்தான்டா."

"பெட்ரோல்னா? சாதாவா, பிரீமியமா? பெட்ரோல்ல ஆக்டேன்னு ஒரு சத்து இருக்கு, அது கம்மியா இருந்தா இப்படித்தான் நாக்கிங் வரும். உள்ள சுத்தியலால அடிக்கிற மாதிரி. இப்படியே ஓட்டுனீங்கன்னா எஞ்சினை எடைக்குத்தான் போடணும்."

தம்பி, நீ மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். கண்ணுக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு காதால் வைத்தியம் பார்க்கலாம் என்று உனக்கு யார் சொன்னது? சொந்தமாக ஒரு சைக்கிளாவது உண்டா உனக்கு? அன்றைக்குக்கூட நீ ஏறப்போனது பஸ். அந்தப் பஸ் டிரைவரிடம் போய், "என்ன ஊத்துறீங்க?" என்று கேட்டாயா? கேட்டிருந்தால் பாதி வழியில் இறக்கிவிட்டிருப்பார். எங்களிடம் கேட்டாய், நாங்கள் இறக்கிவிடவில்லை. அது எங்கள் தப்பு.

உன்னை ஏற்றிவிட்டுத் திரும்பும்போதே உன் அண்ணன் முகம் மாறிவிட்டது. புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டில் சும்மா இருந்தால் சுவரைப் பார்த்துப் பாடம் நடத்துகிறாரே என்று நான்தான் வேன் சாவியைக் கையில் கொடுத்தேன். ஒழுங்காக ஓட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் எனக்குச் சொல்லாமல் ரயில்வே கூட்ஸ் ஷெட்டையெல்லாம் தாண்டி ரிங் ரோட்டில் இருக்கிற பெரிய பெட்ரோல் பங்குக்குப் போய்ப் பிரீமியம் நிரப்பிக்கொண்டு வந்து நின்றார். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி மேட்டில் ஏறினோம். சத்தம் இல்லை. உன் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். புதுக் கண்டத்தைக் கண்டுபிடித்தவன் கப்பலில் நின்று பார்க்கிற பார்வை. "பாத்தியா? எப்படி இழுக்குது பாரு. வெண்ணெய் மாதிரி போகுது" என்றார். எனக்கு எப்போதும் போகிற மாதிரிதான் போனது.

அதற்குப் பிறகு அவர் வாயில் ஆக்டேனைத் தவிர வேறு பேச்சில்லை. சாப்பிடும்போது ஆக்டேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தால், மதில்மேல் சாய்ந்துகொண்டு, "சாதாதானே போடுறீங்க? சத்தத்துலயே தெரியுது" என்பார். அது பாட்டரி ஸ்கூட்டர், தம்பி. பிளக்கில் சொருகுகிறது. அவர் இப்போது எங்களைக் கண்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

நான் ஒருநாள் வேனின் பெட்ரோல் மூடியைத் திறந்து உள்பக்கத்தைக் காட்டினேன். 'சாதாரண பெட்ரோல்' என்று ஸ்டிக்கரே ஒட்டியிருக்கிறது. "வண்டியைச் செஞ்சவனே சொல்லியிருக்கான், பாருங்க" என்றேன்.

"அது பொதுவா எல்லாருக்கும் எழுதுறது. விஷயம் தெரிஞ்சவங்களுக்கு இல்ல."

"விஷயம் தெரிஞ்சவங்க யாரு?"

"தம்பி."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது பார், அதற்காகவே உன்னை நான் மன்னிக்கப் போவதில்லை.

இப்போது நடந்ததைக் கேள். ஆஸ்பத்திரியில் புது வார்டு திறக்கிறார்கள். அங்கே துணிக் கணக்குப் பார்க்கிற ஸ்டோர் மேடம் என்னைக் கூப்பிட்டு, "நோயாளிங்க வர்றதுக்கு முன்னாடி எல்லாக் கட்டிலுக்கும் விரிப்பு போட்டாகணும். நேரத்துக்குக் கொண்டு வந்துட்டீங்கன்னா இந்த வார்டுத் துணியும் உங்களுக்குத்தான்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். இந்த ஒரு வார்டுக்காக நான் எத்தனை நாள் அந்த ஸ்டோர் வாசலில் நின்றிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. வெளுத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடிப்பு கலையாமல் கட்டி ஏற்றினோம். கிளம்பினால் பெட்ரோல் முள் அடியில் கிடக்கிறது.

தெருமுனை பங்க் வந்தது. "இங்கேயே போட்டுக்கலாங்க" என்றேன்.

"இங்க பிரீமியம் கிடையாது. இறக்கிட்டு அப்படியே ரிங் ரோடு போய் நிரப்பிக்கலாம்."

அடுத்த பங்கில் பிரீமியம் என்று பெரிதாகப் பலகை வைத்திருந்தார்கள். ஆசையாகத் திருப்பினார். அங்கே வேலை செய்கிற பெண், "பிரீமியம் தீந்துடுச்சு சார். சாதா போடட்டுமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். சாக்கடைத் தண்ணீரைக் குடிக்கச் சொன்ன மாதிரி உன் அண்ணன் அவளைப் பார்த்தார். "ரெண்டும் கலந்தா எஞ்சின் குழம்பிடும்மா" என்று அவளுக்குப் பாடம் நடத்திவிட்டு வண்டியை எடுத்தார். குழம்பியது எது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும், சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

மேட்டின் பாதியில் வண்டி இருமியது. தும்மியது. நின்றது. எங்கே நின்றது தெரியுமா? இன்னொரு பெட்ரோல் பங்கின் நேர் எதிரே. உலகத்தில் பெட்ரோல் தீர்ந்து நின்ற எந்த வண்டியும் இவ்வளவு வசதியான இடத்தில் நின்றிருக்காது. நான் ஓடிப்போய்ச் சாலையைக் கடந்து, கெஞ்சி, அவர்கள் கேனிலேயே சாதாப் பெட்ரோல் வாங்கிக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பினால், உன் அண்ணன் பெட்ரோல் மூடியின்மேல் முதுகைச் சாய்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"நகருங்க."

"என்னைத் தாண்டித்தான் அது உள்ள போகணும்."

"அங்க நோயாளிங்க வெறும் மெத்தையில படுக்கணுமா?"

"நான் எஞ்சினைக் காப்பாத்துறேன். நாளைக்கு நீயே எனக்கு நன்றி சொல்லுவே."

நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாலைவனம் எது, சோலை எது என்று சொல்லிக்கொடுத்த மனிதர், தம்பி. பங்குக்கு எதிரே தாகத்தில் நிற்கிறார். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹார்ன் அடிக்கின்றன. வேடிக்கை பார்க்கக் கூட்டம் வேறு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கேனை அவர் தலையில் கவிழ்த்துவிடுவேனோ என்று பயந்துபோய்க் கீழே வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து வந்து நின்றது எதிராளியின் வேன். நமக்குப் போட்டியாகச் சலவைக்கடை வைத்திருப்பவரை வீட்டுக்குள் 'நுரை' என்றுதான் சொல்வோம். அவர் வெளுத்த துணியில் பாதி சோப்பு அப்படியே இருக்கும். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பல்லெல்லாம் தெரிய, "அக்கா, ஆஸ்பத்திரிக்குத்தானே? ஏத்துங்க, நான் கொண்டு போறேன்" என்றார். என்ன செய்ய? மானத்தைப் பார்த்தால் மணி ஆகிவிடும். நானே பக்கக் கதவு வழியாக மூட்டை மூட்டையாக இறக்கி அவர் வண்டியில் ஏற்றினேன். பின்சக்கரத்துக்கு மேலே தளம் புடைத்திருக்கிற இடத்தின் ஓரத்தில் இடுக்கிக்கிடந்த கடைசி மூட்டையை இழுத்ததும், அதன் பின்னாலிருந்து ஒன்று உருண்டு வந்தது. உன் அண்ணனுடைய எவர்சில்வர் பிளாஸ்க். அது காணாமல் போனதற்காக என் அக்காள் வீட்டுக்காரர்மேல் சந்தேகப்பட்டு, அவர் வந்தால் அலமாரியைப் பூட்டுகிற அளவுக்குப் போனாரே, அதே பிளாஸ்க். மேட்டில் நிற்கிற வண்டியல்லவா, காலித் தளத்தில் கடகடவென்று உருண்டு பின்கதவில் மோதியது. டொக். திரும்ப முன்னே தள்ளிவிட்டுப் பார்த்தேன். மறுபடி உருண்டு வந்தது. டொக்.

துணி நிறைந்திருந்தால் அசையாமல் அமுங்கிக் கிடக்கும். காலியாக இருந்தால் மேட்டில் உருளும். இதுதான் நீ கண்ணை மூடிக் கண்டுபிடித்த நாக்கிங். இதற்குத்தான் நீ ஆக்டேன் எழுதிக்கொடுத்தாய். பிளாஸ்கைக் கையில் எடுத்து உன் அண்ணன் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவர் அதை வாங்கி ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்தார்.

"அது வேற டொக்கு, இது வேற டொக்கு" என்றார்.

நுரையின் வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து போனேன். "நீங்க என்ன பெட்ரோல் போடுறீங்க?" என்று கேட்டேன். "எது பக்கத்துல இருக்கோ அது" என்றார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். ஸ்டோர் மேடம் வெளியே வந்து, என்னைப் பார்த்தார், வண்டியில் எழுதியிருந்த நுரையின் கடைப் பெயரைப் பார்த்தார். "ஓ, ரெண்டு பேரும் சேர்ந்து பண்றீங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நுரை, "ஆமா மேடம்" என்றுவிட்டார். என் விரிப்புகள் அவர் வண்டியில் இருக்கின்றன. இல்லை என்று எந்த வாயால் சொல்வேன்? புது வார்டில் பாதி எனக்கு, பாதி அவருக்கு என்று ஆகிவிட்டது. உன் காதின் புண்ணியத்தில் அந்த மனிதர் இப்போது என்னை 'பார்ட்னர்' என்று கூப்பிடுகிறார்.

திரும்பி வந்தால் உன் அண்ணன் வேன் படியில் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயிலில் முகம் கன்றிப்போயிருந்தது. எழுந்து வந்து, அவரே பெட்ரோல் மூடியைத் திறந்துவிட்டு நகர்ந்தார். கேனிலிருந்ததை ஊற்றினேன். முதல் முறையிலேயே வண்டி கிளம்பியது. எனக்கு ஒரு நிமிஷம் அவர்மேல் இரக்கம் வந்தது உண்மை. உடனே உன் ஞாபகம் வந்தது, சரியாகிவிட்டது.

ஆகவே தம்பி, இனிமேல் நீ இங்கே வர வேண்டியதில்லை. வந்தே தீர வேண்டுமென்றால் கண்ணைத் திறந்துகொண்டும் வாயை மூடிக்கொண்டும் வா. காதுக்கு நீயே ஏதாவது ஏற்பாடு செய்துகொள். அடிமுட்டாள் என்று உன்னைச் சொல்ல மாட்டேன், அண்ணி சொல்லக் கூடாது, நினைக்கலாம். உன் மனைவிக்கு என் அன்பு, அவள் பொறுமைக்கு என் வணக்கம். குழந்தைகள் நன்றாகப் படித்து, அம்மாவின் புத்தியோடு வளர வேண்டும் என்று வாழ்த்துகிறேன். நீயும் நன்றாக இரு. தூரத்தில் இரு.

இப்படிக்கு,
பாதி வார்டை உன்னால் இழந்த
அண்ணி

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்துதான் இதை எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதற்காக வேனை நானே எடுத்துக்கொண்டு போனேன். காலி வண்டி, சாதாப் பெட்ரோல். பிளாஸ்க் வீட்டில் சமையலறை அலமாரியில் இருக்கிறது. மேட்டில் ஏறினேன். டொக், டொக். நிறுத்தி, பின்னால் ஏறி, ஒவ்வொரு மூலையாகத் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒருவேளை என் வளையலோ என்று கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி ஏறினேன். சத்தம் எஞ்சினிலிருந்துதான் வருகிறது. கண்ணை மூடிக் கேட்டேன், நன்றாகவே கேட்கிறது. இறங்கி வந்து, போட வேண்டிய கடிதத்தைப் போடாமல் வீட்டுக்கே எடுத்துவந்துவிட்டேன். மேலே எழுதியதையெல்லாம் திரும்ப எழுத எனக்கு நேரமில்லை. உன் காதைப் பற்றிச் சொன்ன இடங்களை மட்டும் தாண்டிப் படித்துக்கொள். பழைய எஞ்சினுக்கு வயதானால் ஸ்டிக்கரில் எழுதியிருப்பது போதாமல் போகுமா? இதை நான் எனக்காகக் கேட்கவில்லை, தெரிந்தவர் ஒருவர் கேட்கச் சொன்னார். உன் அண்ணனிடம் மூச்சு விடாதே. தெரிந்தால் அவர் பெருமையைத் தாங்கிக்கொண்டு ஒரு மாதத்துக்கு வீட்டில் இருக்க முடியாது. நேரில் வந்து சொன்னால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை வா. அன்றைக்கு அவர் மத்தியானம் தூங்குவார், வண்டியும் காலியாக இருக்கும்.