கரண்டு பில்லும் போன மீசையும்

பூலோகம் கரண்டு பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இங்கிலீஷில் அச்சடித்திருந்ததில் அவருக்குப் புரிந்தது அடியில் இருந்த தொகை மட்டும்தான். அது போன மாதமும் அதேதான், அதற்கு முந்தின மாதமும் அதேதான்.

"ஏட்டி முருகம்மா, பெரிய பல்பைக் கழட்டிட்டுச் சின்னது போட்டோமே. பெறவு ஏன் ஒரு நயா பைசா கொறையல?"

"பில்லு அப்படித்தான் வரும். இந்த வேக்காட்டுல ஒரு ஃபேன் வாங்கித் தருவேன்னியளே?"

"பில்லு கொறையட்டும், மறுநாளே வாங்குதேன்."

தாராவியில் அவர்கள் இருந்த ஒற்றை அறைக்குத் தகரக் கூரை. மே மாதத்தில் அதற்கடியில் மனுஷர் இருக்க முடியாது. ஆனாலும் பூலோகத்துக்குச் சொன்னால் சொன்னதுதான்.

சின்ன பல்பையும் கழற்றிவிட்டு, சாமி படத்துக்குப் போடும் சிவப்பு ஜீரோ பல்பை மாட்டினார். அந்த வெளிச்சத்தில் மீசையைத் திருத்தப்போக, இடது பக்கம் மொத்தமாக வந்துவிட்டது. பாதி மீசையோடு வேலைக்குப் போக முடியுமா? வலதையும் வழித்தார்.

தோல் பட்டறையில் கூட வேலை செய்யும் நெல்லையப்பன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, அய்யாவா? ஒரு வார்த்தை சொல்லலையே!"

"அய்யா ஊர்ல நல்லாத்தான் இருக்காரு. இது கரண்டு பில்லுனால வந்தது."

"பாவம், துக்கத்துல என்னமோ பேசுதாரு" என்று நெல்லையப்பன் மற்றவர்களிடம் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் பட்டறையே துக்கம் கேட்க வந்தது. வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தே பூலோகம் நொந்துபோனார்.

அடுத்த பில்லிலும் தொகை அசையவில்லை. கரண்டு விளக்கே வேண்டாம் என்று மண்ணெண்ணெய்ச் சிம்னி விளக்குக்கு மாறினார். அதில் அவருடைய நல்ல வேட்டி கருகியது. பில் மட்டும் அப்படியே வந்தது.

"இனிப் பொறுக்க முடியாது. கனெக்ஷனையே வெட்டச் சொல்லுதேன்!"

மீசை போனபோதுகூடப் பதறாத முருகம்மாள் பதறிப்போனாள். "ஐயோ, அவசரப்படாதிய! ஆபீஸ்ல போய் என்ன கணக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. புண்ணியமாப் போவும்."

ஆபீஸ் குமாஸ்தா பம்பாய் இந்தியில் பொறுமையாக விளக்கினார். எரித்தாலும் எரிக்காவிட்டாலும் குறைந்தபட்சம் இந்தத் தொகையைக் கட்டியே ஆகவேண்டும். அதற்குள் விளக்கும் எரிக்கலாம், ஒரு ஃபேனும் ஓட்டலாம்.

பூலோகத்துக்கு வயிறு எரிந்தது. பணத்தையும் கட்டிவிட்டு இருட்டிலா உட்கார்ந்திருந்தோம்! மீசையை நினைத்தபோது அழுகையே வந்தது. அங்கிருந்து நேரே சயான் கடைவீதிக்குப் போய் ஒரு டேபிள் ஃபேனை வாங்கித் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

"இந்தா ஒன் ஃபேனு! எரிச்சாலும் எரிக்காட்டாலும் ஒரே காசுதாமுட்டி. நான் கண்டுபிடிச்சிட்டேன்லா!"

முருகம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அப்படியும் ஒரு கணக்கு இருக்கா!"

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்தர் பானு எட்டிப் பார்த்தாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"ஏ மதினி, இன்னொரு ஃபேனா! அப்போ அண்ணாச்சி வேலைக்குப் போனதும் நாம போடுதோமே, அதை எனக்குத் தந்திருதியளா?"