ஜன்னல் வைத்த பூட்ஸ்

ஆட்களின் முகத்தையே பார்க்காமல் ஒரு தொழிற்சாலை முழுவதையும் கேட்டுக்குள் விட்ட வாட்ச்மேன் உலகத்திலேயே ஒருவர்தான்: திருவொற்றியூரில், எங்கள் ஜன்னல்காரர்! காலைப் பார்ப்பார், ஆளைச் சொல்வார். ஒருநாள் நான் மீசையை எடுத்துவிட்டுப் போனேன். ஆபீஸே திகைத்தது. அவர் மட்டும் குனிந்தபடி, "இன்னா நைனா, இன்னிக்கி லேட்டு?" என்றார்.

காரணம் அவருடைய காலிலேயே இருந்தது. பெருவிரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்துகிடக்க, அதன் அடிமூட்டு எலுமிச்சங்காய்போல வெளியே புடைத்து நின்றது. கம்பெனி பூட்ஸோ ஓடம் மாதிரி முனை கூர்ந்தது. எருக்கம்பால் தடவினார், சுண்ணாம்பு தடவினார். காசிமேட்டு மீன்காரம்மா பேச்சைக் கேட்டு மீனெண்ணெயும் தடவினார். பூனைகள் பின்தொடர்ந்தன, புடைப்பு போகவில்லை. கடைசியில் கத்தியை எடுத்தார். பதறாதீர்கள், பூட்ஸைத்தான் அறுத்தார்! வட்டமாக ஒரு ஜன்னல். அதன் வழியே புடைப்பு காற்று வாங்கியது. அவருக்குப் பேரும் வந்தது.

பிறகு பிரசாரம்தான். வருகிறவர்களை வெறுங்காலில் கேட்டருகே நிறுத்தி, சிமெண்டுத் தரையில் பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுவார். அந்தப் படத்தின்மேல் அவரவர் செருப்பை வைப்பார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான்; முதலில் பூட்ஸ் போட்டவனும் நானே. என் பூட்ஸ் கோட்டுக்குள் அடங்கிவிட்டது.

"பாத்தியா! காலு பெர்சு, பூட்ஸு சிறுசு. நெருக்கினா வெரலு சாயும், மூட்டு வெளிய வந்து மொறைக்கும். இது கட்டி இல்ல நைனா, எலும்பு! எவனாச்சும் அறுக்கறேன்னு பிளேடோட வந்தா, ஓடிடு!"

அகலமான பூட்ஸ் வாங்கும்வரை அவர் என்னை விடவில்லை.

இப்படி இருக்கையில் புதுத் துரை வந்தார். வந்ததும் உத்தரவு: திங்கட்கிழமை பரிசோதனை, பூட்ஸ் சரியில்லாத வாட்ச்மேன் கரி யார்டுக்குப் போகவேண்டும்.

"இந்தக் காலோட கரிக்கூடை தூக்கினா, நான் அவ்ளோதான் நைனா" என்றார் ஜன்னல்காரர். அன்று அவர் யார் காலையும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை வந்தது. ஜன்னலைக் காணோம்! பூட்ஸ் முழுக்க ஒரே கறுப்பு, ஒரே பளபளப்பு. கிட்டப் போய்ப் பார்த்தேன். மனிதர் புடைப்பின்மேலேயே பாலிஷ் போட்டுத் தேய்த்திருந்தார்!

துரை பார்த்தார். தலையசைத்தார். தாண்டியும் போய்விட்டார். பின்னால் வந்த அவருடைய நாய் நின்றது. மீனெண்ணெய் வாசம் அதற்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். சாவகாசமாகப் புடைப்பை நக்க ஆரம்பித்தது. அட்டென்ஷனில் நின்றவருக்கு உடம்பு நெளிந்தது, கன்னம் உப்பியது. "ஐயோ, கூசுதுடா!" என்று வெடித்துவிட்டார். துரை திரும்பினார். பூட்ஸின் ஒரு பக்கம் மாநிறமாகியிருந்தது. நாயின் நாக்கு கறுத்திருந்தது.

"என்ன இது?" என்று துரை என்னை இங்கிலீஷில் கேட்டார். எனக்குத் தமிழிலேயே அதற்குப் பேர் தெரியாது!

"சொல்லு நைனா, பட்ச்சவன்தானே நீ!" என்றார் ஜன்னல்காரர், கண்கலங்க.

படித்த இங்கிலீஷையெல்லாம் திரட்டி, "சார், இவருடைய எலும்பு தங்களைப் பார்க்க வெளியே வந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டேன்.

துரை சிரித்த சிரிப்பில் நாய் குரைத்தது. தீர்ப்பு அங்கேயே வந்தது: ஜன்னல் இருக்கலாம், வாட்ச்மேனும் இருக்கலாம். பாலிஷ் மட்டும் கூடாது, நாய்க்கு ஆகாது.

போன வருஷம் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ராயபுரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கடைசி நாள் கேட்டருகே தன் பாதத்தையே வரைந்துவிட்டுப் போனார். ஒவ்வொரு மழையும் அதை அழிக்கிறது. என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கிறது. புடைப்பை மட்டும் கொஞ்சம் பெரிதாகவே போடுகிறேன். சிறிதாகப் போட்டால் அவர் கோபித்துக்கொள்வார்.