கோதண்டக் கரடி வீட்டிலேயே ஆயில் மாற்றிய கதை

ஒரு காட்டில், ரோடு வருவதற்கு முன்னாலேயே பைக் வந்துவிட்டது. எந்தக் காடு என்று கேட்காதீர்கள். சொன்னால் நாளைக்கே அங்கே போய் பிளாட் போட்டு விற்பீர்கள், உங்களைத் தெரியாதா எனக்கு. அந்தக் காட்டில் கோதண்டம் என்று ஒரு கரடி இருந்தது. செவ்வாய்க்கிழமை தவறாமல் தன் பழைய பைக்கில் இரண்டு குடம் தேனைக் கட்டிக்கொண்டு, நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த சிங்க மகாராஜாவின் குகைக்குப் போகும்.

சிங்கம் செவ்வாய்க்கிழமை கவுச்சி தொடாது. விரதம். அன்றைக்கு மட்டும் தேனும் தினைமாவும். ஆனால் பன்னிரண்டு மணி அடித்தால் இலை போட்டாக வேண்டும். தேன் வரத் தாமதமானால் என்ன செய்வது என்று ஒருநாள் சமையல்காரக் குரங்கு கேட்டது. "விரதம் கேன்சல். கொண்டுவர்றவனை இலையில போடு" என்று சிங்கம் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து கோதண்டத்துக்குப் பைக்தான் உயிர்.

பைக்குக்கு ஆயில் மாற்றும் நேரம் வந்தது. காட்டில் இருந்த ஒரே மெக்கானிக் நரி. அதனிடம் வண்டியை விட்டால் "நாளைக்கு வாங்க" என்று சொல்லும், மறுநாள் போனாலும் அதையே சொல்லும். இடையில் செவ்வாய்க்கிழமை வந்தால் நரியா இலையில் உட்காரும்? கோதண்டம் ஒரு முடிவுக்கு வந்தது. வீட்டிலேயே மாற்றிவிடலாம்.

வாசலில் பைக்கை நிறுத்தி, ஸ்பேனரை எடுத்ததுதான் தாமதம், அக்கம்பக்கம் கூடிவிட்டது. இந்த விஷயத்தில் காடென்ன, நாடென்ன? ஒருத்தன் வாசலில் ஸ்பேனரோடு உட்கார்ந்தால் நம் ஜனங்களுக்கு வீட்டில் சோறு இறங்குமா?

"லாரிக்கு ஊத்துற ஆயிலை ஊத்து மாப்ளே. கெட்டியா இருந்தாத்தான் இன்ஜினுக்குச் சத்து" என்றது செந்நாய் ராயப்பன். அது இந்த ஜென்மத்தில் சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

"கெட்டியும் வேணாம், தண்ணியும் வேணாம்" என்றது எதிர்வீட்டு மான் சபேசன். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைக்கூட விடாமல் படிக்கிற ஜாதி அது. "வண்டியோட வந்த புத்தகத்துல இருபது டபிள்யூ நாற்பது ரக ஆயில்னு போட்டிருக்கு. அதை ஊத்துங்க அண்ணே. மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருதடவை மாத்தினா போதும்."

கோதண்டம் புத்தகத்தைப் பார்த்தது. சபேசன் சொன்னது அப்படியே இருந்தது. அதன்படி வண்டியைக் கொஞ்சம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்கி, அடியில் சட்டியை வைத்து, போல்ட்டைக் கழற்றிப் பழைய ஆயிலை வடித்தது. புது வாஷர் போட்டு முடுக்கி, தொள்ளாயிரம் மில்லி அளந்து ஊற்றியது. டப்பாவில் நூறு மில்லி மிச்சம்.

"அதையும் ஊத்திடுப்பா, வீணாப் போகுது" என்றது காட்டுப்பன்றி வைரக்கண்ணு.

"கூட ஊத்தினாலும் கெடுதல்தான்" என்றது சபேசன். கோதண்டம் ஊற்றவில்லை. வேலை சுத்தமாக முடிந்தது. வண்டி பூனைக்குட்டி மாதிரி உறுமியது. கதை இங்கேயே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது.

முடியவில்லை, ஏனென்றால் சட்டியில் பழைய ஆயில் இருந்தது. அதைக் கொட்டப் போனபோது ராயப்பன் பாய்ந்து தடுத்தது. "ஐயையோ, கொட்டாதே! எனக்குச் சொறி. இதைப் பூசினா ஒரே வாரத்துல போயிடும்." உண்ணி விழும் என்று வைரக்கண்ணு ஒரு பாட்டில் பிடித்தது. முள்ளம்பன்றி குப்பாயி கதவுக் கீலுக்கு என்று சொல்லி வாங்கிப்போய், கீலுக்கு இரண்டு சொட்டு விட்டு, மிச்சத்தை முள்ளெல்லாம் தடவிக்கொண்டு பளபளவென்று வந்து நின்றது. சபேசன் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து ராயப்பன் வந்தது. கையில் காலி டப்பா. பைக்கின் ஆயில் அளவுக்குச்சியை உருவி, ஆயிலை இரண்டு விரலில் தேய்த்து, முகர்ந்து, செத்த வீட்டில் முகத்தை வைப்பதுபோல வைத்துக்கொண்டது.

"போச்சு மாப்ளே. கறுத்துடுச்சு."

"கறுக்கத்தான் செய்யும்" என்று எதிர்வீட்டிலிருந்து சபேசன் கத்தியது. "இன்ஜின் அழுக்கை இழுத்துக்கிறதுதான் அதோட வேலை. கறுத்தா கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்ல."

"சிங்கம் உன்னையா இலையில போடப் போகுது?" என்று கேட்டது ராயப்பன்.

இந்த ஒரு கேள்வி போதும். கோதண்டம் ஸ்பேனரை எடுத்தது. மூவாயிரம் வரை காத்திராமல் ஆயிரம் கிலோமீட்டரிலேயே மாற்றியது. அதற்கடுத்து வைரக்கண்ணு பாட்டிலோடு வந்து, "சத்தம் ஒருமாதிரி இருக்கேப்பா" என்றது. ஐந்நூறில் மாற்றியது. பிறகு குப்பாயி, "எங்க பெரியப்பா வண்டிக்கு வாராவாரம் மாத்துவாரு, முப்பது வருஷம் ஓடுச்சு" என்றது. குப்பாயியின் பெரியப்பாவுக்கு வண்டியே கிடையாது, அது காட்டுக்கே தெரியும். ஆனாலும் கோதண்டம் வாராவாரம் மாற்ற ஆரம்பித்தது. பயந்தவனுக்குப் புத்தகம் ஒரு கேடா?

திங்கட்கிழமையானால் வாசலில் டப்பாவும் பாட்டிலுமாக வரிசை நின்றது. ரேஷன் கடையில்கூட அவ்வளவு ஒழுங்கு இருக்காது. வைரக்கண்ணு பாசத்தோடு போல்ட்டை முடுக்கிக் கொடுக்கும். ஸ்பேனரின் மேல் ஏறி நின்றுதான் முடுக்கும்.

"அண்ணே, இப்படிக் கழட்டிக் கழட்டி நசுக்கினா போல்ட்டோட மரை தேஞ்சு அது நிக்காது. போன புதன், வியாழன் ரெண்டு நாளும் கெஞ்சினேன், கேட்டீங்களா?" என்று சபேசன் தலையில் அடித்துக்கொண்டது.

"ஒரு மானுக்கு இவ்வளவு வாய் ஆகாது" என்றது குப்பாயி. எல்லோரும் சிரித்தார்கள். கோதண்டமும் சிரித்தது. வெட்கக்கேடு, ஆனால் சிரித்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி. மூங்கில் மேட்டில் ஏறும்போது கீழே "டிங்" என்று ஒரு சத்தம் கேட்டது. கோதண்டம் ஏதோ கல் என்று நினைத்துக்கொண்டு போனது. போல்ட் விழுந்திருந்தது. இருந்த ஆயில் முழுக்கப் பாதையில் கோடு போட்டுக்கொண்டே போய்விட்டது. இரண்டு கிலோமீட்டரில் இன்ஜின் கடகடவென்று கத்தி, ஜாம் ஆகி நின்றது.

கோதண்டம் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தது. மிச்சம் சொச்சம் ஆயில் முகத்திலும் மார்பிலும் ஒழுகியது. பிறகு வண்டியைத் தள்ளத் தொடங்கியது. வழியெல்லாம் அழுதது. "செங்கமலம், பிள்ளைங்களைப் பார்த்துக்கோடி" என்று வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல மரத்திடமெல்லாம் சொல்லிக்கொண்டு போனது. குகைக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்றேகால்.

இலை தயாராக இருந்தது. பேச்சுவார்த்தை ஒன்றும் இல்லை. குரங்கு கரடியை இலையில் ஏற்றியது. சிங்கம் தோளில் ஒரு நக்கு நக்கியது.

"தூ! தூ! என்னடா இது, பெட்ரோல் பங்க்கை நக்கின மாதிரி இருக்கு!"

கோதண்டம் நடந்ததைச் சொன்னது. வாரத்துக்கு ஒருதடவை ஆயில் மாற்றச் சொன்ன கூட்டத்தை இழுத்துவரச் சொல்லி சிங்கம் உறுமியது. பசி வேறு. சாயங்காலத்துக்குள், கூட்டத்தில் இருந்த பாவத்துக்குச் சபேசனையும் சேர்த்து, நான்கு பேரும் வந்து நின்றார்கள்.

சிங்கம் ராயப்பனை முகர்ந்தது. சொறிக்குப் பூசிய ஆயில், மூக்கை மூடிக்கொண்டது. வைரக்கண்ணுவின் முதுகில் ஒரு விரல் கனத்துக்கு ஆயில். குப்பாயியைக் கிட்டவே சேர்க்கவில்லை.

கடைசியாக சபேசன் முன்னால் வந்தது. சுத்தமாகக் குளித்து, நெற்றியில் திருநீறு வைத்திருந்தது. "மகாராஜா, என் பேரில் தப்பில்லை. நான் ஆரம்பத்துல இருந்து மூவாயிரம்னுதான் சொன்னேன். கோதண்டம் அண்ணனையே கேளுங்க."

"ஆமாம் மகாராஜா" என்றது கோதண்டம்.  "சரியாச் சொன்னது இவன் ஒருத்தன்தான். இவன் பேச்சைக் கேட்டிருந்தா இன்னிக்குத் தேன் வந்திருக்கும்."

சிங்கம் சபேசனின் கழுத்தருகே மூக்கை வைத்து நிதானமாக இழுத்தது. பசும்புல் வாசனை. அதன் முகம் மலர்ந்தது.

"உண்மைதான், நீ ஒரு தப்பும் பண்ணலை" என்றது சிங்கம். "டேய் குரங்கு, இலையைத் துடைச்சுப் போடு."

வீட்டுக்குத் திரும்பிய கோதண்டம் வாய்விட்டு அழுதது. அது பொய் அழுகை இல்லை, மூன்று நாள் தேன்கூட இறங்கவில்லை. மற்ற மூவரும் துக்கம் விசாரிக்க வந்தார்கள். "தங்கமான மானு" என்றது ராயப்பன். "படிச்ச மானு" என்றது குப்பாயி.  பிறகு வைரக்கண்ணு, புது இன்ஜின் எப்போது மாட்டப் போகிறாய், மாட்டினால் முதல் ஆயிலை எத்தனை கிலோமீட்டரில் வடிப்பாய் என்று கேட்டது.

நீதி: சரியான யோசனை சொல்வதில் தப்பில்லை. சொல்வதற்கு முன்னால், ஊரார் பூசியிருக்கும் வேஸ்ட் ஆயிலில் நாலு சொட்டை வாங்கி உடம்பில் தடவிக்கொள்ளவும்.