ஐறீன் தள்ளி வைத்த முடிவுக்கோடு

இனிமேல் களைப்பதில்லை என்று நான் எடுத்த தீர்மானம் பல வருடம் நன்றாகவே நடந்தது. கையாண்ட முறை மிகச் சுலபம். எதுவும் செய்யாமல் இருந்தேன்.

நான் கலாநிதி யேசுரட்ணம். விளையாட்டு விஞ்ஞானி. மனிதன் ஏன் களைக்கிறான் என்பதுதான் என் ஆராய்ச்சி. கொழும்பில் களைப்பைப் பற்றி என்னளவு படித்தவனும் கிடையாது, களைப்பை என்னளவு தவிர்த்தவனும் கிடையாது. எங்கள் ஆய்வுகூடத்து டிரெட்மில்லில் ஓட்டக்காரர்கள் நாக்குத் தள்ள ஓடுவார்கள். நான் மின்விசிறிக்குக் கீழே கதிரையில் இருந்தபடி, "இன்னும் கொஞ்சம்" என்பேன். விஞ்ஞானத்துக்காக யாராவது வியர்வை சிந்தத்தானே வேண்டும்.

என்னை நாலு பேருக்குத் தெரியவைத்தது ஒரு பரிசோதனை. ஓடுகிறவனிடம் இவ்வளவு தூரம்தான் என்று முதலில் சொல்லிவிடுவேன். அது முடிந்து அவன் விழப்போகிற நேரம், முடிவுக்கோட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டேன் என்பேன். அவன் என்னைத் திட்டிக்கொண்டே மீதியையும் ஓடி முடிப்பான். அதாவது, காலில் பெலம் மிச்சம் இருக்கும்போதே மூளை 'போதும்' என்று மணியடித்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த பிறகு என் மூளை எனக்குக் கட்டிலிலேயே மணியடிக்கத் தொடங்கியது.

என் மனைவி ஐறீனுக்குக் காப்புறுதிக் கம்பனியில் வேலை. ஆட்கள் சொல்லும் காரணங்களை நாள் முழுக்கக் கேட்டு, ஒன்றும் செல்லாது என்று திருப்பி அனுப்புவதுதான் உத்தியோகம். வீட்டுக்கு வந்தும் அதே உத்தியோகம்தான், ஆனால் சம்பளமில்லை. என் கட்டுரைகளின் ஆங்கிலத்தைத் திருத்தித் தருவதும் அவள்தான். அதிலிருந்த ஆபத்து எனக்கு அப்போது விளங்கவில்லை.

போன வருடம் இரத்தத்தில் எனக்குச் சீனி கூடிவிட்டது. தினமும் காலையில் நடக்கச் சொன்னார் டொக்டர். ஐறீன் அன்று பின்னேரமே காலி வீதிக்குப் போய் எனக்குச் சப்பாத்து வாங்கிவந்தாள். விடிய எழும்பி மரைன் டிரைவில் இரண்டு பேருமாக நடக்கிறோம் என்றாள். நான் அவளைக் கதிரையில் இருத்தி, களைப்பின் நுட்பங்களை விளக்கினேன். மூளை கொடுக்கும் எச்சரிக்கையை மதிக்காமல் நடப்பது என் வாழ்நாள் ஆராய்ச்சிக்கே அவமரியாதை என்றேன்.

"என்ர கட்டுரையைப் படிச்சனீர்தானே?"

"படிச்சனான். கட்டுரையில நடை நல்லாயிருக்கு. உங்களிட்டத்தான் இல்லை."

நேரே மோதி வெல்ல முடியாத இடத்தில் மூளையைப் பாவிக்க வேண்டும். அன்றிரவு ஒரு திட்டம் போட்டேன். இதை ஒரு பரிசோதனையாகவே செய்வோம், நீர்தான் ஆய்வாளர், நான் பரிசோதனைக்கு உள்ளாகிறவன் என்று ஐறீனிடம் சொன்னேன். கூடவே ஒரு சின்ன விதியையும் சொன்னேன். பரிசோதனைக்கு உள்ளாகிறவர் எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். உலகம் முழுக்க உள்ள விதி. எங்கள் வீட்டு ஒழுங்கையின் முனை வரை நடந்து, விலகி, திரும்பிவந்து படுப்பதாக எனக்கு உத்தேசம். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஓம், விதி எண்டால் விதிதானே என்றாள். இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அவள் இவ்வளவு கெதியாகச் சம்மதித்ததில்லை. நான் அங்கேயே விழித்திருக்க வேண்டும்.

விடிய, வாசலில் வைத்து என் கைக்கடிகாரத்தையும் போனையும் வாங்கிக்கொண்டாள். ஆய்வாளர் சொல்கிறதைத் தவிர நேரமும் தூரமும் தெரியக்கூடாது என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள் என்றாள். கதவைப் பூட்டித் திறப்பைத் தன் இடுப்புப் பையில் போட்டாள். அதையும் நான் பெரிதாக எடுக்கவில்லை.

மரைன் டிரைவுக்கு வந்ததும் ரயில் பாதை ஓரத்துத் தாழ்ந்த மதிலில் உட்கார்ந்து, விலகுகிறேன் என்று அறிவித்தேன். காரணம் சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை.

"தாராளமா விலகுங்கோ. நான் பம்பலப்பிட்டி வரைக்கும் போட்டு வாறன்."

"திறப்பு?"

"திறப்பு ஆய்வாளரோட வருது."

திறப்பு நடக்கத் தொடங்கியது. நானும் அதன் பின்னால் நடந்தேன்.

பம்பலப்பிட்டி ஸ்டேசன் கண்ணில் பட்டபோது என் கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லாதவை போலிருந்தன. கடற்காற்று வாங்க வந்தவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். கைத்தடியோடு வந்த ஒரு பெரியவர்கூடத் தாண்டிப் போனார், அதுவும் திரும்பி ஒரு அனுதாபப் பார்வையோடு. ஸ்டேசன் வாசலில் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் ஐறீன், ஆய்வுகூடத்தில் நான் பேசுகிற அதே மெல்லிய குரலில் சொன்னாள்.

"முடிவுக்கோட்டைக் கொஞ்சம் தள்ளி வைச்சிட்டன். கொள்ளுப்பிட்டி."

நான் திட்டிக்கொண்டே நடந்தேன். எல்லா ஓட்டக்காரர்களும் அப்படித்தான் செய்வார்கள் என்று என் கட்டுரையில் எழுதியிருந்தது எவ்வளவு உண்மை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொள்ளுப்பிட்டியில் காலி வீதிக்கு ஏறியதும் எங்கள் வீடிருக்கிற வெள்ளவத்தைப் பக்கம் போகிற பஸ் ஒன்று புறப்படுவதைக் கண்டேன். என்ன நடந்ததென்று தெரியாது, ஓடினேன். வாசல் கம்பியைப் பிடித்து ஒரு காலைப் படியிலும் வைத்துவிட்டேன். ஐறீன் ஆறஅமர வந்து சேர்ந்து, "அபி யன்னே நே, மல்லி" என்று கண்டக்டரிடம் சிங்களத்தில் சொன்னாள். நாங்கள் போகவில்லையாம். நான் படியிலிருந்து இறங்க, பஸ் போய்விட்டது.

"ஏன் ஐறீன்?"

"இவ்வளவு வேகமா ஓடுற மனுசனுக்கு என்னத்துக்கு பஸ்?"

திரும்பியும் நடந்தோம்.

இப்படியே மூன்று மாதம் போனது. ஒவ்வொரு நாளும் முடிவுக்கோடு வேறு எங்கேயோ இருந்தது. ஒருநாள் தெஹிவளைப் பக்கம், ஒருநாள் பாமன்கடைப் பக்கம். நான் நோய், மழை, ஆராய்ச்சி என்று கொண்டுபோன காரணமெல்லாம் காப்புறுதிக் கம்பனிக்குப் போன காரணங்களைப் போலவே திரும்பி வந்தன. கடைசியில் சீனி இறங்கியது. டொக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஐறீனின் கையைத்தான் குலுக்கியிருக்க வேண்டும். ஆனால் நான் அதைத் திருத்தப் போகவில்லை.

அந்தக் கைகுலுக்கல்தான் என்னைக் கெடுத்தது. எங்கள் துறைத் தலைவி பேராசிரியர் நதீஷா, புதுக்கட்டுரை எங்கே என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டிலேயே ஒரு கட்டுரை விளைந்து கிடக்கிறதே என்று எனக்குப் பட்டது. சோம்பேறியான ஒருவனை முடிவுக்கோட்டை நகர்த்தி நகர்த்தியே நடக்க வைக்கலாம். ஓட்டக்காரர்களில் செய்தவர்கள் உண்டு, சோம்பேறியில் செய்து பார்த்ததாக நான் எங்கும் படித்ததில்லை. இரண்டு கிழமை இருந்து எழுதினேன். எழுதியவர் என்ற இடத்தில் என் பெயரை மட்டும் போட்டேன். வழக்கம்போல ஆங்கிலம் பார்க்க ஐறீனிடம் கொடுத்தேன். அவள் இரண்டு காற்புள்ளிகளை மட்டும் திருத்தித் தந்தாள். மனம் குளிர்ந்துபோனேன்.

நதீஷாவுக்குக் கட்டுரை நன்றாகப் பிடித்தது. ஒரேயொரு சந்தேகம்தான் கேட்டார். நடந்தது நீங்களென்றால் கோட்டைத் தள்ளி வைத்தது யார்? தன்னைத்தானே ஒருவர் ஏமாற்ற முடியாதே. மனைவி என்று சொல்லவேண்டி வந்தது. அப்படியென்றால் அவரைக் கூட்டிவாருங்கள் என்றார்.

ஐறீன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், வேலைச் சேலையோடு வந்தாள். இரண்டு பேரும் கட்டுரையை மேசையில் விரித்துவைத்து, திருத்தி எழுதியபடி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசினார்கள். நான் செயல்முறை விளக்கத்துக்காக டிரெட்மில்லில் நின்றேன். இடையில் இரண்டு முறை, நிற்பாட்டலாமா என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "இன்னும் கொஞ்சம்" என்றார்கள்.

போன கிழமை கட்டுரை அச்சாகி வந்தது. முதற்பெயர் ஐறீன், இரண்டாவது நதீஷா. மூன்றாவது பெயரைத் தேடி எல்லாப் பக்கமும் புரட்டினேன். என்ர பெயர் எங்கே என்று கேட்டேன்.

"பரிசோதனைக்கு உள்ளானவரின்ர பெயரை வெளியில விடக்கூடாதாம், நதீஷா சொன்னவ. ஆனா உங்களை மறக்கேல்லை. கடைசிப் பக்கத்தைப் பாருங்கோ."

பார்த்தேன். நன்றி கூறியிருந்தார்கள், 'ஒத்துழைப்புக் குறைந்த, நடுத்தர வயதுடைய ஆண் ஒருவருக்கு.'