ஒரு முழம் கூடுதலான மோட்டார் சைக்கிள்

திருத்தணி,
சர்வதாரி வருஷம், ஆவணி 12.

மகாராஜராஜஸ்ரீ அரக்கோணம் பாவா பரந்தாமன் அவர்கள் சமுகத்துக்கு, மைத்துனன் துளசிங்கம் தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் வரலட்சுமியும் குழந்தைகளும் புடவைக் கடையும் சுப்பிரமணிய சுவாமி கடாட்சத்தால் க்ஷேமம். என் வலது முழங்கால் மட்டும் க்ஷேமமில்லை. அவ்விடம் தங்கள் க்ஷேமத்தையும், மணியம்மை அக்காவின் க்ஷேமத்தையும், ரயில்வே குவார்ட்டர்ஸ் குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதையும் விவரமாய் எழுதவும்.

நிற்க. தங்களால் எனக்கு ஓர் உபகாரம் ஆகவேண்டும். தங்கள் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் கலீமுல்லாவிடம் தாங்களே நேரில் போய், நான் வாங்கிய பெரிய மோட்டார் சைக்கிளைத் திருப்பி எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாய்ச் சின்ன மோட்டார் சைக்கிள் ஒன்று தரும்படி சொல்லவேண்டும். ஏன் என்று கேட்பீர்கள். தங்களிடம் மறைப்பானேன் பாவா, எல்லாம் பொறாமையால் வந்தது. என் சகலை சடகோபன்மேல் எனக்குப் பொறாமை. திருவாலங்காட்டில் வெல்லத் தரகு செய்கிறானே, என் மைத்துனி பாஞ்சாலியின் புருஷன், அவன்தான். அவனுக்குத் தலைமுடி இன்னும் கொட்டவில்லை என்பதில் எனக்கு ஏற்கெனவே கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனால் அது வேறு விஷயம்.

அம்மையார்குப்பத்தில் என் மாமனார் பங்காரு வீட்டு வழக்கம் தங்களுக்குத் தெரியும். ஆடிக் கிருத்திகையன்று மாப்பிள்ளைகளுக்கு விருந்து. கூடத்தில் போடுகிற முதல் இலை மூத்த மாப்பிள்ளைக்கு. பதினொரு வருஷமாய் அது என் இலை. மாமியார் அதில்தான் முதல் வடை வைப்பாள், முதல் கரண்டி நெய் விடுவாள். எனக்கு அந்த வீட்டில் இருக்கும் மரியாதை மொத்தமும் அந்த இலைதான். அதைத் தாண்டி ஒன்றும் இல்லை. இந்த ஆடிக்கு நான் கால் கழுவிக்கொண்டு உட்காரப் போகிறேன், தெருவில் படபடவென்று ஒரு சத்தம். சடகோபன் ஒரு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறான்! யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட வண்டியாம். ஆட்டுக்குட்டி உயரம்கூட இல்லை. பின்னால் பாஞ்சாலி, ஏதோ தேரில் வந்தவள்போல் இறங்கினாள். மாமனார் தறியை விட்டு எழுந்து வந்து, "ஏம்பா சடகோபா, இவ்ளோ தொலைவு இதுலயா வந்துகினே? வா வா, வந்து குந்து" என்று கையைப் பிடித்து அழைத்துப் போய், எங்கே உட்கார வைத்தார் என்கிறீர்கள்? என் இலையில்! எனக்கு இரண்டாவது இலை. அதில் வைத்த வடை நடுவில் வெந்திருக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் வரலட்சுமி வேறு, "பாஞ்சாலி புடவை கசங்கவே இல்லீங்க, பாத்தீங்களா?" என்றாள். நான் பார்த்தேன். அன்றுமுதல் நான் வேறொன்றையும் பார்க்கவில்லை.

மறுவாரமே கலீமுல்லா ஷெட்டுக்குப் போனேன். அங்கே இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று சடகோபனுடையதைப் போலவே சின்னது. இன்னொன்று பெரியது, பட்டாளப் பச்சை. கலீமுல்லா நல்ல மனுஷன். அவன் வியாபாரிபோல் பேசாமல் வைத்தியர்போல் பேசினான். "சின்னது அரிசி மூட்டைய விட லேசுங்க. ஒரு ஆளு தூக்கிடலாம். சந்துல திரும்பும். பெட்ரோல் கூப்பன் மாசம் முழுக்க வரும். இன்னா, பெட்ரோலோட எண்ணெய் கலந்து ஊத்தணும், அவ்ளோதான். பெர்சு ரெண்டரை மூட்டை வெயிட்டு. நேரா போவும், ராஜா மாதிரி போவும். திருப்பறதுன்னா நீங்க முன்னாடியே முடிவு பண்ணிடணும்" என்றான். ரெண்டிலும் எத்தனை சிலிண்டர் என்று கேட்டேன். ரெண்டுக்கும் ஒன்றுதானாம். இவ்வளவு பெரிய வண்டிக்கும் ஒன்றா என்று எனக்கு மனசு கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் பாவா, நான் ஜவுளிக்காரன். பையிலிருந்து கஜக்கோலை எடுத்து இரண்டையும் அளந்தேன். பெரியது ஒரு முழம் கூடுதல். பெயின்டை விரலால் தேய்த்துப் பார்த்தேன், சாயம் போகவில்லை. ஸீட்டைக் கசக்கிப் பார்த்தேன், நல்ல அழுத்தம். இதற்குமேல் ஒரு சாமானில் பார்க்க என்ன இருக்கிறது? "ஓட்டிப் பாத்துட்டு எடுத்துக்கங்க" என்று கலீமுல்லா மூன்று தடவை சொன்னான். புடவையை யாராவது கட்டிப் பார்த்துவிட்டு வாங்குவார்களா?

அவன் நாலு நாள் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். அவன் சொன்ன அத்தனைக்கும் ஆங் ஆங் என்று தலையாட்டினேன். மனசெல்லாம் முதல் இலையிலேயே இருந்ததால் காதில் பாதிதான் விழுந்தது. ஐந்தாம் நாள் மலையடிவாரத்தில் பூஜை போட்டேன். சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தின்மேல் ஏறாமல் வண்டி நின்றுவிட்டது. மொட்டை போட்டுக்கொண்டு வந்த நாலு பேர் தள்ளி ஏற்றினார்கள். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும்.

போன வெள்ளிக்கிழமை மாமனார் வீட்டில் மறுபடியும் ஒரு விருந்து. விடிந்ததும் வரலட்சுமியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அம்மையார்குப்பம் கிளம்பினேன். அந்த வேளையை நான் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். வெயில் ஏறுமுன் நெசவாளர்கள் பாவு நூலைத் தெருநீளம் இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள் அல்லவா? ஆணும் பெண்ணுமாய் ஊரே தெருவில் நிற்கும். எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான் போனேன். அந்த நேரத்தில் மாட்டுவண்டிக்காரன்கூட அந்தத் தெருவுக்குள் நுழையமாட்டான் என்பது எனக்குத் தெரியாதா? பதினொரு வருஷமாய்த் தெரியும். ஆனால் வண்டிமேல் உட்கார்ந்தவனுக்கு அது ஞாபகம் வரவில்லை பாவா. தெருமுனை திரும்பியதும் மாமனார் என்னைப் பார்த்தார். நான் ஒரு கையைத் தூக்கி நமஸ்காரம் செய்தேன். அவர் இரண்டு கையையும் தூக்கினார். பதில் நமஸ்காரம் என்று நினைத்துவிட்டேன். நிறுத்தச் சொல்கிறார் என்று புரிந்ததும் சைக்கிள் பழக்கத்தில் இடது கைப்பிடியை இறுக்கினேன். சைக்கிளில் அது பிரேக். இதில் அது கிளச்சாம். வண்டி முன்னைவிடச் சுகமாய் உருண்டது. திருப்பலாமென்றால் நான் முன்னாடியே முடிவு பண்ணியிருக்கவில்லை. எட்டுப் புடவைக்கான பாவு, கஞ்சி ஈரத்தோடு, முன்சக்கரத்திலும் பின்சக்கரத்திலும் என் முழங்காலிலும் சுற்றிக்கொண்டது. வரலட்சுமி எப்போது இறங்கினாள் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால் அவள் தன் அம்மா பக்கத்தில் நின்று என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமனார் திட்டியிருந்தால் தேவலை. "மாப்ளே, வண்டி நல்லாத்தான் கீது. பாவுதான் கொஞ்சம் குறுக்க வந்துடுச்சு" என்றார். அந்தச் சமயம் பார்த்துச் சடகோபன் வந்தான். தெருமுனையிலேயே இறங்கி, எஞ்சினை அணைத்து, அந்த ஆட்டுக்குட்டியை இரண்டு கையாலும் தூக்கி, சுவரோரமாய் ஒரு நூல் அறுபடாமல் கொண்டுவந்து வைத்தான். தெருவே "ஆகா" என்றது. பிறகு என் பக்கத்தில் வந்து நின்று, வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனான். பரிகாசமாய் ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட ஆறியிருக்கும். நானும் மூன்று நெசவாளரும் மத்தியானம் வரை சக்கரத்திலிருந்து இழை இழையாய் நூல் பிரித்தோம். உள்ளே இலை போட்ட சத்தம் கேட்டது. முதல் இலையில் யார் உட்கார்ந்தார் என்று தாங்கள் கேட்கவேண்டாம். நான் சாப்பிட்டது நாலாவது பந்தி.

ஆகையால் பாவா, உருவத்திலும் சரி, விலைக்குக் கிடைக்கும் பிரயோஜனத்திலும் சரி, சொன்ன பேச்சைக் கேட்பதிலும் சரி, சின்ன வண்டிதான் வண்டி. எனக்கு அதேபோல் ஒன்று வேண்டும், தூக்கும்படியாக வேண்டும். அடுத்த விருந்துக்குள் என் இலை எனக்குத் திரும்பவேண்டும். பெரியதை எந்த விலைக்குக் கேட்டாலும் கொடுத்துவிடலாம். அது கண்ணில் படுகிற ஒவ்வொரு வேளையும் எனக்கு வயிறு எரிகிறது. அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். தணிகை முருகன் தங்கள் குடும்பத்தைச் சகல சௌபாக்கியத்தோடும், மோட்டார் சைக்கிள் இல்லாமலும், நெடுநாள் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
துளசிங்கம்

பி.கு.: உறையை ஒட்டும் சமயம் தபால்காரர் கலீமுல்லாவின் கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் கண்டபடி எழுதுகிறேன்: "ஐயா, உங்க பெரிய வண்டி மாதிரியே ஒண்ணு வேணும்னு ஒருத்தர் வந்துகினே கீறாரு. தன் சின்ன வண்டியும் குடுத்து மேலே பணமும் தர்றாராம். அம்மையார்குப்பத்துல உங்க வண்டிய பாத்ததுலேர்ந்து அவருக்குத் தூக்கமே இல்லியாம், அவர் சம்சாரம் சரியா சாப்பிடறதில்லியாம். நீங்க குடுப்பீங்களா? பேரு சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கினாரு, அதனால எழுதல. திருவாலங்காட்டு வெல்லத் தரகர்." பாவா, மேலே எழுதியது ஒன்றையும் மனசில் வைக்கவேண்டாம். கலீமுல்லா ஷெட் பக்கமே தாங்கள் போகவேண்டாம். வண்டி என்னிடமே இருக்கட்டும். ஓடாவிட்டாலும் வாசலில் துடைத்து நிறுத்தி வைக்கிறேன். முதல் இலையில் சடகோபனே உட்காரட்டும், நெய்யும் அவனுக்கே விடட்டும். எனக்கு வயசு நாற்பத்திரண்டு. என்னைப் பார்த்து ஒருவன் தூக்கமில்லாமல் இருப்பது இதுதான் முதல் தடவை.