பேட்டரி முசேயின் அவசர சைக்கிள்

பேட்டரி முசே, என் மகளைக் கொல்லப் பார்த்தது நீங்கள்தான். இதைப் பத்திரிகையில் போட எனக்குக் கூச்சமே இல்லை.

வாசகர்களுக்குச் சொல்கிறேன். புதுச்சேரியில் இவரைவிடப் பயந்த ஆள் பிறக்கவில்லை. பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே பஞ்சாலையில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்து ஓய்வு பெற்றவர்; அங்கே ஒட்டிக்கொண்டதுதான் 'முசே', பிரெஞ்சில் ஐயா. தவளக்குப்பத்தில் எங்களுக்கு மூன்றாவது வீடு. மேகம் கறுத்தால் புயல் என்பார். நாய் தும்மினால் வெறி என்பார்.

எழுபதுகளின் கடைசியில், திடீரென்று ஒரு அவசரம் வந்தால் என்ன கதி என்ற பயத்தில் சைக்கிளுக்கு மோட்டார் வைத்தார். தட்டாஞ்சாவடிப் பட்டறையில் கிடந்த பழைய கார் டைனமோவை வாங்கி, பேட்டரியில் சுற்றும்படி மாற்றி, பின்சக்கரத்தோடு செயின் போட்டு இணைத்தார். கம்பிக்கு நடுவே கார் பேட்டரியைத் தொங்கவிட்டார். ஹேண்டில்பாரில் ஒரு சுவிட்ச். அதில் ஒரு பக்கம் 'அ', மறுபக்கம் 'ம' என்று சிவப்புப் பெயின்ட்.

ஓட்டிப் பார்த்தாரா? இல்லை. இன்னும் அவசரம் வரவில்லையாம். தினமும் அந்தப் பாரத்தைக் கடைத்தெருவரை தள்ளிக்கொண்டே போவார், தள்ளிக்கொண்டே வருவார். ஏறிப் போகலாமே என்றால், "வெங்காயம் வாங்குறது அவசரமாப்பா?" என்பார். முசே சைக்கிளைக் காற்று வாங்க அழைத்துப் போகிறார் என்று டீக்கடைக்காரர் சொல்லிச் சிரிப்பார்.

அவசரம் என் வீட்டுக்கே வந்தது. ஒரு பந்த் அன்று, உச்சி வெயிலில், விறகுக் குவியலில் கைவிட்ட என் நாலு வயது மகளைத் தேள் கொட்டிவிட்டது. கொஞ்ச நேரத்தில் உடம்பு ஜில்லிட்டு, வேர்த்து, வாயில் எச்சில் வழிந்தது. பஸ் இல்லை, கார் இல்லை. டவுன் ஆஸ்பத்திரி ஐந்து மைலுக்கு மேல்.

முசே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். ஓட்டுங்கள் என்றேன். தனக்குப் பயம் என்று என் கையில் கொடுத்துவிட்டு, டீக்கடைக்காரரின் சாதா சைக்கிளில் பின்னால் வந்தார். என் மனைவி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேரியரில் உட்கார்ந்தாள்.

எனக்குத் தெரிந்த தமிழில் 'அ' என்றால் அவசரம், 'ம' என்றால் மெதுவா. சுவிட்ச் 'அ'வில்தான் இருந்தது. மோட்டார் முனகக்கூட இல்லை. முசேயைத் திட்டிக்கொண்டே மிதித்தேன். அரியாங்குப்பம் பாலத்து இறக்கத்தில் மறியல்காரர்கள் ரோட்டை மறித்துக் கல் அடுக்கியிருந்தார்கள். நடுவில் ஒரு சைக்கிள் நுழையும் சந்துதான். அந்தப் பாரத்துக்குப் பிரேக் பிடிக்கவில்லை; வேகத்தைக் குறைக்கச் சுவிட்சை 'ம'வுக்குத் தள்ளினேன்.

சைக்கிள் பிய்த்துக்கொண்டு பறந்தது. பயத்தில் 'ம'வை இன்னும் அழுத்தினேன். கல்லுக்கு நடுவே எப்படிப் புகுந்தேன் என்று இன்றுவரை தெரியாது.

"மெதுவா போய்யா, புள்ள தலை ஆடுது" என்று மனைவி கத்தினாள்.

"மெதுவாவுலதான்டி வச்சிருக்கேன்" என்று நான் கத்தினேன்.

தூரத்தில் முசே "அரே, அரே" என்று அலறினார். சாகப்போகிற நேரத்தில் இந்த மனுஷன் எதற்கு இந்தி பேசுகிறார் என்று எரிந்தது.

டவுனுக்குள் நுழையும்போது பிள்ளையின் அழுகை நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் வேகத்துக்குப் பயப்படவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் என் மனைவிதான் பேட்டரி ஒயரைப் பிடுங்கி வண்டியை நிறுத்தினாள்.

டாக்டர் ஊசி போட்டார். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்.

வேர்த்து நனைந்து வந்து சேர்ந்த முசேயின் சட்டையைப் பிடித்து, அத்தனை பேர் முன்னால் கொலைகாரன் என்றேன். அவர் என் கையைத் தட்டிவிடவில்லை. "பாப்பா மூச்சு வுடுதா?" என்று மட்டும் கேட்டார். பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர் மில்லில் எல்லாம் பிரெஞ்சு. 'ம' என்றால் 'மார்ஷ்', ஓடு; 'அ' என்றால் 'அரே', நில். பிரெஞ்சைத் தமிழில் எழுதினால் எவனுக்கு விளங்கும் என்று அதற்கும் திட்டினேன்.

அடுத்த வாரம் மோட்டாரைக் கழற்றிவிட்டார். அவர் வண்டியால்தான் பிள்ளை பிழைத்தாள் என்று நான் போய்ச் சொல்லியிருக்கலாம். வீம்பில் சொல்லவில்லை. ஒருநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு காரைக்கால் பக்கம் போனவர் திரும்பவேயில்லை.

முசே, அந்தப் பிள்ளைக்கு இப்போது பதினொரு வயது. நீங்கள் ஊரைவிட்டுப் போனது என் வாயால்தான் என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறாள். எங்கே இருக்கிறீர்கள்? யார் சோறு போடுகிறார்கள்? எனக்குத் தனியாகக் கடுதாசி வேண்டாம். இந்தப் பத்திரிகையிலேயே, ஊரே படிக்கும்படி, பதில் எழுதுங்கள். நல்லா இருக்கேன் என்று ஒரு வரி போதும்.